கல்யாணப் பெரட்டு

"இந்த வருசமாச்சும் சிரிக்க வைங்க டீச்சர். போன திருவிழாவுக்கு நீங்க அழ வச்சதுல எங்க வீட்டுக்காரி ரெண்டு நாளு ஒழுங்கா சோறு திங்கல."

தோட்டத் தலைவர் பள்ளிக்கூட வாசலில் நின்று இப்படிச் சொன்னபோது நான் ஐந்தாம் வகுப்புக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டம் டிக்கோயாவிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். அம்மன் திருவிழாவின் கடைசி நாள் நாடகம் போடுவது வழக்கம். பல வருடமாக அதை எழுதுவது நான்தான். மண்சரிவில் தாய் சாவாள், வெளிநாட்டுக்குப் போன மகள் பெட்டியில் வருவாள், பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவார்கள். அழ வைப்பது எனக்குச் சுலபம். சிரிக்க வைக்கச் சொன்னதும் பயம் பிடித்துக்கொண்டது.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். போன் அடித்தால் எடுப்பதற்குள் யாருக்கு என்ன ஆனதோ என்று நாலு பேரை மனதுக்குள் சாகடித்துவிடுவேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. தம்பி குடும்பத்தோடு இருந்தேன். முதலில் தம்பி படித்து முடிக்கட்டும் என்றார்கள். பிறகு செவ்வாய் தோஷம் என்றார்கள். கடைசியாக என்னைப் பெண் பார்க்கக் கந்தப்பளையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வந்தவர்கள் வடை சாப்பிட்டார்கள், என்னைப் பார்த்தார்கள், பிறகு என் தம்பியைப் பார்த்தார்கள். தங்கள் வீட்டுப் பெண்ணை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள்தான் இன்றைக்கு என் தம்பி மனைவி. அதன் பிறகு என்னைப் பார்க்க யாரும் வரவில்லை.

எங்கள் தோட்டத்தில் என்னைப் போல நாற்பது தாண்டியும் தனியாக நிற்பவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எங்களைப் பற்றிப் பேச்சு எப்போதும் உண்டு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவர்கள் சிரிப்பதற்கு முன் நாமே சிரித்துவிட்டால் கொஞ்சம் வலிக்காமல் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அந்த வீம்பில்தான் அந்த நாடகத்தை எழுதினேன். பெயர் 'கல்யாணப் பெரட்டு'.

காலையில் பெரட்டுக் களத்தில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி, இன்றைக்கு யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துக் கொடுப்பார்கள் அல்லவா? அதே மாதிரி ஒரு கல்யாணத் தரகர் நாற்பது தாண்டிய ஆண்களையும் பெண்களையும் வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு ஜோடி பிரித்துக் கொடுக்கப் பார்க்கிறார். ஒருவர் பெண்ணின் ஜாதகம் வேண்டாம், இரத்தச் சீனி ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லுகிறார். ஒரு அம்மா, குறட்டை விடாத மாப்பிள்ளைதான் வேண்டும் என்று எல்லோரையும் தூங்கிக் காட்டச் சொல்லுகிறாள். கொழுந்து கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைநாள் சம்பளம்தான், அதை அரைப்பேர் என்பார்கள். தரகரும் அந்த வரிசையைப் பார்த்து, "குடும்பமா இருக்கவங்களுக்கு முழுப்பேரு, ஒண்டியா இருக்கவங்களுக்கு இந்த ஒலகத்துல அரைப்பேருதான்" என்பார். அந்த வரியை எழுதும்போது சிரித்தேன். எழுதி முடித்துவிட்டு அழுதேன்.

கடைசிக் காட்சியில் தபால் கந்தோரில் முத்திரை விற்கும் ஒரு அம்மாவுக்கும் ஒரு தையல்காரருக்கும் பொருந்திவிடுகிறது. நிச்சயம் செய்ய வெற்றிலைத் தட்டு மாற்ற வேண்டும். வழக்கப்படி தட்டு மாற்றுவது இரண்டு வீட்டுப் பெரியவர்கள். தரகர் கேட்கிறார்: "பொண்ணு பக்கம் பெரியவங்க யாரு?" அவள் சுற்றுமுற்றும் பார்க்கிறாள். அப்பா அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்தாயிற்று. "நாந்தாங்க பெரியவ" என்கிறாள். "மாப்ள பக்கம்?" என்றதும் தையல்காரர், "எனக்கும் நாந்தாங்க பெரியவன்" என்கிறார். இருவரும் தாங்களே தட்டை மாற்றிக்கொள்ள, திரை விழும்.

தரகர் வேடத்தைத் தலைவரே எடுத்துக்கொண்டார். அதிகாரம் பண்ணுகிற வேடம் என்றால் அவர் விடமாட்டார். தபால் கந்தோர் அம்மாவாக நடிக்க இருந்த தையல் வகுப்புப் பெண்ணுக்கு மூன்று வாரம் இருக்கும்போது கொழும்பில் வேலை கிடைத்துவிட்டது. "வசனம் பூராவும் ஒங்களுக்குத்தானே டீச்சர் தெரியும்" என்று சொல்லி என் தலையில் கட்டினார்கள். தையல்காரராக நடிக்கக் கல்யாணமான ஆண்கள் ஒருவரும் முன்வரவில்லை, மனைவி ஏசுவாள் என்று பயம். கடைசியில் கொழுந்து லொறி ஓட்டுகிறவர் சம்மதித்தார். "எனக்கு வேசம் கட்டத் தேவையில்லீங்களே" என்றார்.

அவருக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. மூன்று தங்கைகளைக் கட்டிக் கொடுத்தவர். பிறகு படுக்கையில் விழுந்த அம்மாவை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டவர். அந்த அம்மா முந்திய வருடம்தான் காலமானார். கருமாதிப் பத்திரிகையை எழுதிக் கொடுத்தது நான். தோட்டத்தில் எழுத வேண்டியதெல்லாம் என்னிடம்தான் வரும். அன்றைக்கு அவர் அம்மாவின் பெயரை எனக்கு எழுத்துக் கூட்டிச் சொன்னார். ஒரு எழுத்தும் தப்பிவிடக் கூடாது என்று மூன்று முறை சொன்னார். எனக்கு அவரைப் பற்றி அதுவரை தெரிந்தது அவ்வளவுதான்.

ஒத்திகை பிள்ளைக் காம்பராவில் நடந்தது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். நாலரைக்கு எல்லாப் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போனபிறகு, தொங்குகிற தொட்டில்களை ஓரமாக இழுத்துக் கட்டிவிட்டு நாங்கள் ஏழு கிழடுகள் காதல் வசனம் பேசுவோம். அறை முழுக்கப் பால் வாசனையாக இருக்கும். ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்த பெண்கள், "தொட்டில் இருக்கு, அப்பா அம்மாவும் வந்தாச்சு, பிள்ளதான் பாக்கி" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் சிரித்தோம். லொறி ஓட்டுகிறவர் மட்டும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். காற்று குளிருதுங்க என்றார். அன்றைக்குக் காற்றே இல்லை.

அவருக்கு நடிப்பு வராது. அதைவிட, அந்தக் கடைசி வசனம் வரவே வராது. தலைவர் "மாப்ள பக்கம்?" என்று கேட்டதும் மனுஷன் கல்லாக நிற்பார். நான் உதட்டை அசைக்காமல் "எனக்கும்..." என்று எடுத்துக் கொடுப்பேன். உடனே மிச்சத்தைச் சொல்லிவிடுவார். இருபது நாளும் இப்படித்தான். ஒருநாள் எரிச்சல் தாங்காமல், "என் வகுப்புப் பிள்ளைங்க ஒரு பாடப் புத்தகத்த ஒப்பிப்பாங்க, ஒங்களால மூணு வார்த்த முடியலயா?" என்று கத்திவிட்டேன். "நீங்க எடுத்துக் குடுப்பீங்கன்னு தெரிஞ்சா மறந்து போகுதுங்க" என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு தேங்காயைத் துருவினேன், ஒன்றே போதும் என்று தம்பி மனைவி சொல்லியும்.

இன்னொரு நாள் ஒத்திகை முடிந்து இறங்கும்போது என் கணுக்காலில் அட்டை ஏறிவிட்டது. பிறந்ததிலிருந்து அட்டைக் கடிதான், ஆனாலும் நான் கூச்சல் போடுவேன். அவர் லொறிக் கதவைத் திறந்து ஒரு குளிக்கிற சவர்க்காரத் துண்டை எடுத்து நீட்டினார். அதைத் தேய்த்ததும் அட்டை விழுந்தது. மறுநாள் ஒத்திகைக்கு வந்தபோது என் நாற்காலிக்குப் பக்கத்தில் அதே மாதிரி ஒரு துண்டு, காகிதத்தில் சுற்றி வைத்திருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. இப்போதும் அது என் கைப்பையில் இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஒரு வளைவு. கொழுந்து லொறி பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் அதைக் கடக்கும். அந்த வளைவில் எல்லா வாகனமும் ஹோன் அடிக்கும். ஒத்திகை தொடங்கியபிறகு அவர் இரண்டு முறை அடித்தார். அது எனக்கா, எதிரில் வரும் வாகனத்துக்கா என்று நான் தினமும் கரும்பலகையைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டு நின்றேன். நாற்பத்தாறு வயதில் இது என்ன கூத்து என்று வெட்கமாக இருந்தது. சொல்லிவிடுகிறேனே, எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. பயமாகவும் இருந்தது, இரண்டும் ஒரே அளவில்.

ஒரு சின்ன விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். தோட்டமே அவரை டிரைவரண்ணே என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் இப்போது அந்த 'அண்ணே' வாயில் வரவில்லை. பெயர் சொல்லவும் முடியாது. "இங்க பாருங்க", "நீங்க ஒக்காந்திருக்க கதிரய கொஞ்சம் தள்ளுங்க" என்று பெயரில்லாமலே மூன்று வாரத்தை ஓட்டினேன். ஒருநாள் தம்பி மனைவி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "ஏன் அண்ணி, இப்பல்லாம் டிரைவரண்ணன நீங்க அண்ணேன்னு கூப்பிடுறது இல்ல போல?" மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்தானே. "அவரு என்னய விட எத்தன வயசு மூப்பு, அதுக்குத்தான்" என்று உளறினேன். மூத்தவரைத்தான் அண்ணன் என்பார்கள் என்பது அவளுக்கும் தெரியும். கீரையைத் தொடர்ந்து ஆய்ந்தாள்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பூசாரி பிள்ளைக் காம்பரா வாசலுக்கு வந்தார். எங்கள் மேடை கோயிலைப் பார்த்தபடி இருக்கும். நாடகம் நடக்கும்போது அம்மன் சன்னதிக் கதவைத் திறந்தே வைப்பார்கள். நாடகம் அம்மனுக்கு, நாமெல்லாம் ஓசியில் பார்க்கிறோம் என்பது பூசாரியின் பேச்சு. "டீச்சர், தட்டுல நெஜ வெத்தல பாக்கு வச்சிறாதீங்க. ஆத்தா பாத்துக்கிட்டு இருப்பா. அவ முன்னால வெத்தலத் தட்டு மாத்தினா மாத்தினதுதான். அப்பறம் நாடகம்னு சொன்னா அவ கேக்க மாட்டா" என்றார். எங்கள் பக்கத்தில் இதில் விளையாட மாட்டார்கள். தட்டு மாற்றிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அதனால் இரண்டு அலுமினியத் தட்டில் கொய்யா இலையையும், தேங்காய்க்குப் பதில் ஆளுக்கொரு சௌசௌவையும் வைத்து ஒத்திகை பார்த்தோம். சௌசௌவைப் பார்த்தே சனம் சிரிக்கும் என்று தலைவருக்கு ஒரே சந்தோஷம்.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்கு. தேர் நிலைக்கு வந்திருந்தது. பெரட்டுக் களம் நிறையச் சனம், ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். தலையில் வெள்ளை பூசிக்கொண்டு ஓரத்தில் நின்று களத்தை எட்டிப் பார்த்தேன். அவர்கள் நாடகத்தைப் பார்த்துச் சிரிப்பார்களா, எங்களைப் பார்த்துச் சிரிப்பார்களா? சீனி ரிப்போர்ட்டுக்குச் சிரித்தார்கள். குறட்டைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அரைப்பேர் வசனம் வந்தபோது மட்டும் முன்வரிசைப் பெண்கள் சிரிக்கவில்லை. கணவனை இழந்தவர்கள், கணவன் கொழும்போடு போய்விட்டவர்கள் என்று அதில் பாதிப் பேர். எனக்கு அந்த இடத்தில் வசனம் தடுமாறியது.

கடைசிக் காட்சி. "பொண்ணு பக்கம் பெரியவங்க யாரு?" "நாந்தாங்க பெரியவ." களம் அதிரச் சிரித்தார்கள், சீட்டி அடித்தார்கள். "மாப்ள பக்கம்?" அவர் கல்லாக நின்றார். நான் "எனக்கும்..." என்றேன். அவர் சொன்னார். பிறகு தட்டின் மேல் மூடியிருந்த துணியை எடுத்தார்.

அது அலுமினியத் தட்டு இல்லை, பித்தளை. அதில் மஞ்சள் பூசிய தேங்காய் இருந்தது. காம்பெல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கிய வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், விரலி மஞ்சள், குங்குமம், ஒரு முழம் பூ. வெற்றிலையில் தண்ணீர்த் துளி நின்றது. சனத்துக்குப் பின்னால் சன்னதி விளக்கு எரிந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தட்டை மட்டும் நீட்டிப் பிடித்திருந்தார்.

"சௌசௌ எங்கேங்க, சந்தைல முடிஞ்சிருச்சா?" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சனம் சிரித்திருக்கும், தலைவர் தட்டை வாங்கி ஓரமாக வைத்திருப்பார், எல்லாம் நாடகமாக முடிந்திருக்கும். அந்த வசனம் என் நாக்கில் வந்து நின்றதும் உண்மை. நான் அதைச் சொல்லவில்லை. என் கொய்யா இலைத் தட்டை அவரிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பித்தளைத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். முன்வரிசையில் ஒரு கிழவி குலவை போட்டாள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். பிறகு என்ன செய்கிறோம் என்று உணர்ந்தவர்கள் போலச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். திரை விழுந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை.

மேடைக்குப் பின்னால் தம்பி ஓடி வந்தான். பூசாரி வந்தார். தரகர் மீசையோடு தலைவர் நின்றார். "யாரு வச்சது நெஜ வெத்தலய?" என்று தம்பி, தட்டைக் கொண்டுவந்தவர் முகத்துக்கு நேரே கையை நீட்டிக் கேட்டான். அவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், தலையை அசைத்திருந்தால்கூடப் போதும். நான் என் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

"மாறிப் போச்சுங்க" என்றார் அவர். "கோயில் பக்கம் அர்ச்சனைத் தட்டு நெறைய கெடந்துச்சு. துணி மூடியிருக்கவும் நம்ம தட்டுன்னு தூக்கிட்டு வந்துட்டேன். தப்பு என் மேலதான். டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது."

பூசாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "தப்போ சரியோ, மாத்தியாச்சு. வெள்ளிக்கெழம மத்தியானப் பூசைக்கு ரெண்டு பேரும் தட்டக் கொண்டாந்து ஆத்தா முன்னால திருப்பிக் குடுத்துறணும். அதுவரைக்கும் வாங்கினது வாங்கினவங்க வீட்டுல இருக்கட்டும். தரையில வைக்காதீங்க."

"இந்த வயசுல இது தேவையாக்கா?" என்றான் தம்பி, வீட்டுக்கு வந்ததும். அவன் தோட்டத்து ஆபீசில் வேலை செய்கிறான். "டீச்சரும் லொறி டிரைவரும்னு பேசுவாங்க. நான் ஆபீஸ்ல எப்புடித் தல நிமுந்து நடக்குறது? வெள்ளிக்கெழம நானே வந்து திருப்பிக் குடுக்குறேன். நீ ஒண்ணும் பேசாத." நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

அந்த ஐந்து நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். தட்டைப் புத்தக அலுமாரியின் மேல் வைத்தேன். காலையும் மாலையும் வெற்றிலைமேல் தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் மூடினேன். வாங்கியதை வாடாமல் கொடுக்க வேண்டாமா என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீடியோ எல்லார் போனிலும் ஓடியது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? வகுப்பில் ஒரு சின்னப் பெண் எழுந்து நின்று, "டீச்சர், ஒங்களுக்குக் கல்யாணமா?" என்று கேட்டாள். பெருக்கல் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொல்லி உட்காரவைத்தேன். கொழுந்து லொறி வளைவைக் கடந்தது. ஹோன் ஒரே ஒரு முறைதான். அதுவும் எல்லாரும் அடிப்பது.

இரண்டு பயம் என்னைப் போட்டு அரைத்தது. அவர் தெரிந்தே செய்திருந்தால் நான் என்ன செய்வது? நிஜமாகவே மாறிப்போயிருந்தால் நான் என்ன ஆவது? பகலில் முதல் பயம், விடிகாலையில் இரண்டாவது. பூசாரி லயத்துக்கு லயம், வீடு வீடாகப் போய் யாருடைய தட்டு என்று கேட்டார். ஒருவரும் வரவில்லை. பித்தளைத் தட்டு தொலைந்து தேடாத பெண் எங்கள் தோட்டத்தில் கிடையாது. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். பயந்தவளுக்கு மூளை எங்கே வேலை செய்யும்?

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், திருப்பிக் கொடுக்கிற தட்டைத் துலக்கிக் கொடுப்போம் என்று எல்லாவற்றையும் ஒரு துணியில் எடுத்து வைத்தேன். புளியைத் தேய்க்கத் தட்டைக் கவிழ்த்தேன். அடியில் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது. எங்கள் சனம் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டு வராது. ஒரு பெண்ணின் பெயர், அதன் கீழே 'ராகலை'. தேய்ந்துபோன எழுத்துத்தான், ஆனாலும் எனக்கு எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெயரை மூன்று முறை கேட்டுக் கருமாதிப் பத்திரிகையில் எழுதியவள் நான். அவர் அம்மா ராகலையில் பிறந்தவர்.

முதலில் எனக்கு வந்தது கோபம். பாவி மனுஷன், எல்லார் முன்னாலும் வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறார். அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த தட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கோயிலில் கிடந்தது என்று சொல்லித் திருட்டுப் பட்டத்தையும் வாங்கிக்கொண்டிருக்கிறார். எதற்கு? நான் கால்விரலைப் பார்த்ததற்கு. பிறகு புளிக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தம்பி மனைவி வந்து பார்த்தாள். தட்டைக் கையில் வாங்கி வாசித்தாள். அவளுக்கும் அந்த அம்மாவைத் தெரியும். எழுத்தை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள்: "அண்ணி, எங்க ஆளுங்க ஒங்களப் பாக்க வந்தன்னைக்கு ஒங்ககிட்ட யாரும் ஒரு வார்த்த கேக்கல. இவருக்கு என்னயக் குடுக்குறோம்னு முடிவு பண்ணினப்பவும் கேக்கல. எனக்கு அது இன்னமும் உறுத்துது." தட்டை என்னிடம் கொடுத்தாள். "நாளைக்குக் கோயில்ல கேப்பாங்க. வாயத் தொறங்க."

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டேன். கோயிலில் இருபது பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன், பாதித் தோட்டம் நின்றது. கொழுந்து பறித்த கையோடு கூடையை வெளியில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். அவர் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றார். கையில் என் அலுமினியத் தட்டு. கொய்யா இலை காய்ந்து சுருண்டு கிடந்தது, ஒன்றுகூடக் கொட்டியிருக்கவில்லை. சௌசௌவில் முளை விட்டிருந்தது.

பூசாரி தீபம் காட்டி முடித்தார். தலைவர் முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமினார். ஒரு வழக்கை விசாரிப்பது போலத்தான் ஆரம்பித்தார், ஆனால் இருபது நாள் ஒத்திகை அவர் வாயில் அப்படியே ஊறியிருந்தது. "சரி. தட்டத் திருப்பணும். பொண்ணு பக்கம் பெரியவங்க யாரு?"

தம்பி என் கையிலிருந்த தட்டை வாங்க முன்னால் வந்தான். தட்டின் ஓரத்தைப் பிடித்தும் விட்டான். நான் விடவில்லை. அவன் என்னைப் பார்த்தான். சின்ன வயதில் காய்ச்சலில் கிடக்கும்போது பார்ப்பானே, அந்த மாதிரி ஒரு பார்வை. என் குரல் எனக்கே கேட்குமோ என்று சந்தேகமாக இருந்தது.

"நாந்தாங்க பெரியவ" என்றேன். "நான் திருப்பிக் குடுக்கல."

பின்னால் யாரோ பழக்கத்தில் சிரிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. தம்பி தட்டிலிருந்து கையை எடுத்தான். அவன் கோபத்தோடு வெளியே போய்விடுவான் என்று நினைத்தேன், போகவில்லை. இரண்டு அடி தள்ளிப் போய் மனைவிக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றான்.

தலைவர் மெல்ல அவர் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "மாப்ள பக்கம்?"

அவர் கல்லாக நின்றார். எனக்குத் தெரிந்த அதே கல். சனம் முழுக்க என்னைப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமையும் நான் எடுத்துக் கொடுத்ததை முன்வரிசையில் இருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். 'எனக்கும்' என்ற ஒரு வார்த்தை என் உதடு வரை வந்தது. பற்களை இறுகக் கடித்துக்கொண்டேன். இதை நான் எடுத்துக் கொடுத்தால் இது நாடகமாகிவிடும். அவராக வாயைத் திறக்காவிட்டால் தட்டு என் கையில் இருந்தும் எனக்குப் பிரயோசனமில்லை. வெளியே எவ்வளவோ தூரத்தில் ஒரு பஸ் மேட்டில் ஏறும் சத்தம் கேட்டது. அது ஏறி முடிகிற வரை அவர் பேசவில்லை.

பிறகு பேசினார். அம்மனைப் பார்த்தும் சொல்லவில்லை, தலைவரைப் பார்த்தும் சொல்லவில்லை.

"எங்கம்மா பேரு அந்தத் தட்டுல இருக்குங்க. தெரிஞ்சேதான் குடுத்தேன்."

அந்த வசனத்தை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் இவ்வளவு சின்னதாக எழுதியிருக்க மாட்டேன்.